கடைசி வரிசை வயலின்

கழுத்தை அசைத்தால் தொலைந்தோம் என்று உட்கார்ந்திருந்தான் தினகரன். கதவுகளைச் சாத்தியாயிற்று. சுற்றிலும் வெள்ளைக்காரர்கள், கையில் ஆளுக்கொரு வில்.

அவன் கையிலும் ஒன்று இருந்தது. கூடவே ஒரு வயலினும்.

காதலும் கண்ணீருமாய் இருநூறு வருஷத்துக்கு முந்தி எழுதின சங்கீதத்தை, அந்தக் காலத்து வாத்தியத்திலேயே, ஆட்டுக்குடல் நரம்பு பூட்டி வாசிக்கிற குழு அது. உடுப்பும் அந்தக் காலம்தான்: காதை முட்டும் காலர், சுருட்டை டோப்பா, ஒட்டுக் கிருதா. பழவேற்காடு கல்யாண மண்டபத்தில் அன்று அவர்கள் கச்சேரி.

மதியம்வரை தினகரனுக்கும் அவர்களுக்கும் இருந்த ஒரே உறவு, சாப்பாட்டுக்கு அவன் பிடித்துக் கொடுத்த ஏரி நண்டு. அந்தக் குழம்பைத் தின்ற வயலின்காரர்கள் இரண்டு பேர் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டார்கள். ஏற்பாட்டாளர் சிவகுமார் நேராகக் கோட்டைக்குப்பத்துக்கே வந்து அவன் சட்டையைப் பிடித்தார்.

"உன் நண்டாலதான ஆள் கொறையுது? ரெண்டு நாற்காலி காலியா கெடந்தா என் மானம் போயிடும். ஒண்ணுல நீ வந்து உக்காரு."

"சார், எனுக்கு வலைய வுட்டா இன்னா சார் தெரியும்?"

"வில்லுல துணி சோப்பு தேச்சுட்டேன், சத்தமே வராது. பக்கத்துல இருக்கிறவரப் பாத்துக் கைய ஆட்டு. யார்கிட்டயும் மூச்சு விடாத."

மூச்சு விட முடியாதுதான். அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். மாமனாராக வரப்போகிற தெய்வசிகாமணி, ஊர் விசேஷம் எதுவானாலும் குழம்பு வைக்கிற கை அவருடையதுதான்; வாயோ கத்தி. "பொய் சொல்றவனுக்கு எம்பொண்ணு கெடையாது" என்று நிச்சயத்தன்று சபையிலேயே சொன்னவர். இவனோ, கச்சேரிக்குக் கூப்பிட்ட அந்தப் பொண்ணு மாலாவிடம் கடலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

அந்த மாலா முன்வரிசையில் இருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா கோவிந்தம்மா. அடுத்த நாற்காலி காலி. மாமனார் எந்த நிமிஷமும் வந்து உட்காருவார் என்று நினைத்ததும் தினகரன் காலரை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டான்.

கச்சேரி ஆரம்பித்தது. தலையைத் திருப்பப் பயந்து, பக்கத்து ஆளின் முழங்கையை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்து இழுத்தான். அது ஏறினால் ஏறினான், இறங்கினால் இறங்கினான். மனுஷன் பிரமாதமாக இழுக்கிறார். சோப்பு வாசனை வேறு அந்தப் பக்கமிருந்து கமகமவென்று வந்தது. குளித்துவிட்டுத்தான் வாசிப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டான்.

டோப்பாவுக்குள் அரித்தது. சொறிய வழியில்லை. வியர்வையில் ஒரு பக்கத்துக் கிருதா வழுக்கிக்கொண்டு இறங்கியது. எழுந்து ஓடலாமென்றால் மாலாவைத் தாண்டித்தான் ஓட வேண்டும்.

சட்டென்று மொத்தக் குழுவும் நிறுத்தியது. மண்டபமே கப்சிப். இவன் கை மட்டும் போய்க்கொண்டிருந்தது. நல்லவேளை, பக்கத்து முழங்கையும் போய்க்கொண்டுதான் இருந்தது.

மறுபடி வாத்தியங்கள் முழங்கின. ஆனால் மாலா பார்த்துவிட்டாள். அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். கோவிந்தம்மா பாதி எழுந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு இந்தப் பக்கமே உற்றுப் பார்த்தாள்.

போச்சு. கல்யாணம் போச்சு. தினகரன் வயலினுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, புரியாத ஆளிடம் தமிழிலேயே கெஞ்சினான்.

"சார், கொஞ்சம் என்ன மறைச்சிக்க சார்!"

பக்கத்து ஆள் அந்தக் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டார். பிறகு மெல்ல இவன் முதுகுக்குப் பின்னால் பதுங்கினார்.

"நீ மொதல்ல என்ன மறை மாப்ள… கொழம்பு வெச்சது நானு, ஊட்ல கடலுக்குப் போறன்னு சொல்ட்டு வந்துக்கிறேன்!"