ஜெராக்ஸ்கூடக் கிடையாது

"பேனாவை வெளிய வச்சிட்டு உள்ள வாங்க!"

வீடு வாங்க வந்த மனுஷன்கிட்ட கொலெத் மதாம் பேசின முதல் வார்த்தையே இதுதான். கிருஷ்ணசாமி திரும்பி என்னைப் பார்த்தார். நான் புரோக்கர், நான் என்ன பண்ணுவேன்? "வைங்க சார், அவங்க அப்படித்தான்"னு கண்ணைக் காட்டினேன்.

முதலியார்பேட்டையில அந்த வீட்டை ஆறு மாசமா காட்டிக்கிட்டிருந்தேன். மதாமோட வீட்டுக்காரர் இறந்துட்டார். பையன் ஃப்ளோரான் பாரீஸ்ல. வீட்டை வித்துட்டு அவன்கிட்ட போயிடணும். ஆனா எவனாவது ஏமாத்திடுவானோன்னு மதாமுக்கு ஒரே பயம். வந்த பார்ட்டியெல்லாம் தெறிச்சு ஓடிடுச்சு.

"பவர் எழுதிக் குடுக்க மாட்டேன். வெத்துப் பேப்பர்ல கையெழுத்து கிடையாது. பணம் டிராஃப்டா வரணும். அது நெசமான டிராஃப்ட்தான்னு பேங்க்ல சொன்னாத்தான் ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கமே வருவேன்."

"நல்லதுதான் மதாம்," என்றார் கிருஷ்ணசாமி.

பாவம், மில்லுல முப்பது வருஷம் பஞ்சுத் தூசியைத் தின்னவர். வி.ஆர்.எஸ். குடுத்து அனுப்பிட்டாங்க. அந்தப் பணத்தோட, சம்சாரம் அஞ்சலாட்சிக்கு பாகூர்ல இருந்த நிலத்தையும் வித்துக் கொண்டாந்திருந்தார். இதை விட்டா அவங்களுக்கு வேற போக்கு இல்லை.

"பத்திரத்தை வக்கீல்கிட்ட ஒரு தடவை காட்டிட்டா..." என்று இழுத்தார்.

"ஒரிஜினல் வாசப்படி தாண்டாது."

"ஜெராக்ஸ் குடுத்தாப் போதும்."

"ஜெராக்ஸ்கூடக் கிடையாது! அதை வச்சுத்தானே கள்ளப் பத்திரம் பண்றானுங்க? ஏம்பா அம்மாவாசை, நீ சொல்லு, ஊர்ல நடக்குதா இல்லையா?"

நடக்குதே! ரெண்டாயிரத்தஞ்சுல பாண்டியில மனை விலை ஏறின வேகத்துக்கு, செத்தவன் எல்லாம் எழுந்து வந்து கையெழுத்துப் போட்டுக்கிட்டிருந்தான். ஆமான்னு தலையாட்டினேன்.

வெளிய வந்ததும் கிருஷ்ணசாமி முணுமுணுத்தார். கூட வந்திருந்த அஞ்சலாட்சிதான் அடக்கினாங்க.

"ஒண்டியா இருக்கற பொம்பள. பயப்படாம என்ன பண்ணுவாங்க? நாம யாரையும் ஏமாத்தப் போறமா? விடுங்க."

அக்ரிமெண்ட் அன்னிக்குத்தான் இன்னொரு விஷயம் தெரிஞ்சுது. மதாம் தமிழ் பேசுவாங்களே தவிர, படிக்கத் தெரியாது. படிச்சதெல்லாம் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம்.

"வரி வரியா படிங்க. ஒரு புள்ளியைக்கூட விடக்கூடாது."

கிருஷ்ணசாமி படிச்சார். 'வாங்குபவர் தவணை தவறினால் முன்பணம் திரும்பக் கிடைக்காது'ங்கற வரியை மூணு தடவை படிக்கச் சொன்னாங்க. மூணு தடவையும் சளைக்காம படிச்சார். மாத்திப் படிச்சிருந்தா மதாமுக்குத் தெரியவா போகுது? அந்த ஆளுக்கு அந்த எண்ணமே வரலை.

அப்புறம் மதாம் பீரோவைத் திறந்து மூலப் பத்திரத்தை எடுத்தாங்க. வெள்ளைக்காரன் காலத்துல நோத்தேர், அதான் பத்திரம் எழுதற பிரெஞ்சு நோட்டரி, எழுதினது. ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி அம்பத்தொண்ணு. முழுக்கப் பிரெஞ்சு. எங்க மூணு பேருக்கும் அதுல தெரிஞ்ச ஒரே விஷயம் முத்திரைதான். முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று எடுத்திருந்தேன், அதுல ஒண்ணும் இல்லை. அதுக்கு முந்தி நடந்தது இந்தத் தாள்லதான் இருக்கு.

"நீங்க எனக்குப் படிச்சீங்க. நான் உங்களுக்குப் படிக்கறேன்."

கண்ணாடியை மாட்டிக்கிட்டு, ஒவ்வொரு வரியா தமிழ்ல சொன்னாங்க.

"'பிரெஞ்சு ராணுவத்துல சொல்தாவா இருந்த மார்செல் ஆகிய நான்...' இது எங்க அப்பா. 'சுய புத்தியோட, யார் வற்புறுத்தலும் இல்லாம, இந்த வீட்டை என் மகள் கொலெத்துக்கு...'"

அதோட நின்னுட்டாங்க. கண்ணாடியைக் கழட்டினாங்க. பொலபொலன்னு கண்ணீர்.

அஞ்சலாட்சி ஓடிப்போய் தண்ணி கொண்டாந்து குடுத்து, முதுகைத் தடவினாங்க.

"அப்பா நெனப்பு வந்துடுச்சா மதாம்? போதும், படிக்க வேணாம். மூடி வைங்க."

இந்தப் பொம்பளையைப் போய் சிடுமூஞ்சின்னு திட்டினோமேன்னு வெட்கமா இருந்துச்சு.

டிராஃப்ட் மாறி, ரிஜிஸ்டர் ஆன பிறகுதான் ஒரிஜினலைக் கையில குடுத்தாங்க. சென்னை ஏர்போர்ட்டுக்குக் கார் ஏறும்போது மதாம் அஞ்சலாட்சியோட கையைப் புடிச்சுக்கிட்டாங்க.

"யாரையும் நம்பாதேம்மா. ஊர் பூரா ஃப்ராடு."

எட்டு மாசம் கழிச்சு கிருஷ்ணசாமி போன் பண்ணினார். குரலே சரியில்லை. அடிச்சுப் புடிச்சு ஓடினேன்.

கூடத்துல ஒரு பெட்டியோட அறுபது வயசு அம்மா நின்னுக்கிட்டிருந்தாங்க, பக்கத்துல ஒரு வக்கீல்.

"நான் ஜெர்மேன். கொலெத்தோட தங்கச்சி. பிரான்ஸ்ல, மார்சேய்ல இருக்கேன். எங்க வீட்ல நீங்க யாரு?"

மதாமுக்குத் தங்கச்சி இருக்கறதே எங்களுக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

"வித்துட்டாங்கம்மா... முழுசா காசு குடுத்து வாங்கிட்டோம்," என்றார் கிருஷ்ணசாமி. என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்களும் அங்கதானே சார் இருந்தீங்க?" என்றார்.

அஞ்சலாட்சி சாமி படத்துக்குக் கீழ வச்சிருந்த மூலப் பத்திரத்தை எடுத்துக்கிட்டு வந்து நீட்டினாங்க.

"இதுல இருக்கும்மா. அவங்களே எங்களுக்குப் படிச்சுக் காட்டினாங்க."

ஜெர்மேன் பத்திரத்தை வாங்கிப் பிரிச்சாங்க. விரலை வச்சு ஒவ்வொரு வரியா இறங்கி வந்து, அவங்க அக்கா அழுது நிறுத்தின அதே இடத்துலயிருந்து தமிழ்ல படிச்சாங்க.

"'...என் மகள் கொலெத்துக்கும், என் மகள் ஜெர்மேனுக்கும், சரிபாதியாக.'"