பதினாலு வருஷத்துக் காடி

“இந்தக் கருமித்தனம் உங்களை விட்டுப் போகவே போகாதா?” ஐரீன் கத்துனாங்க.

ஜெலுத்தோங்குல நான் பழைய காடி விக்கிறவன். புருஷன் பொண்டாட்டி சண்டை எனக்குப் புதுசு இல்லை. ஆனா இந்த லாரன்ஸ் மாதிரி ஒரு கல்லுளிமங்கனை இதுவரைக்கும் பார்த்ததில்லை.

முன்னால ரெண்டு காடி நின்னுச்சு. ஒன்னு எட்டு வருஷத்து ஹைபிரிட் கார். இன்னொன்னு பதினாலு வருஷத்து மேனுவல் பெட்ரோல் காடி. ஸ்டார்ட் பண்ணா தாமான்ல இருக்கிற அத்தனை வீடும் எழுந்துக்கும்.

“ஹைபிரிட்டை எடுங்கலா அண்ணே. மெதுவா போறப்ப முழுக்க பேட்டரிதான். சத்தமே வராது,”ன்னேன்.

“பழசே போதும்,”னார் லாரன்ஸ்.

“அதுல ஏர்கான்கூட சரியில்லை! உங்க அப்பாவா இருந்தா இந்த ஓட்டைக் காடியில ஏத்துவீங்களா? எங்க அப்பான்னா இளப்பமா?”

எனக்கே சுருக்குன்னுச்சு. அந்த மனுஷன் பழைய காடியோட சாவிக்குக் கையை நீட்டினார்.

ஐரீனோட அப்பா கொஞ்சம் தள்ளி, கைத்தடியோட நின்னுக்கிட்டிருந்தார். இனிப்பு நீர் வியாதி வந்து ரெண்டு கண்ணும் போச்சு. மகள் வீட்டுக்கு வந்து ஒரு மாசம்தான் ஆகுதாம்.

“எதையாவது எடுங்கம்மா,”ன்னு சிரிச்சார். “மாப்ள வேலை முடிஞ்சு வந்தா நான்தான் ஓடிப்போய் கேட்டைத் திறப்பேன். வீட்டுல எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு வேலை. எந்தக் காடி வந்தா என்ன?”

ஐரீனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. “பாருங்க ஷேக் அண்ணே, இவருக்கு மனசே இல்லை.”

எனக்கும் ஆத்திரம் வந்துச்சு. “இவ்வளவு கெஞ்சுறாங்க, ஒரு தடவை ஓட்டித்தான் பாருங்களேன்!” ஹைபிரிட் சாவியை லாரன்ஸ் கையில திணிச்சேன்.

அவர் ஒரு நிமிஷம் மாமனாரையே பார்த்தார். அப்புறம் ஏறி உக்கார்ந்தார்.

சிமெண்டுத் தரையில காடி மெல்ல நகர்ந்துச்சு. வளைஞ்சு, நேரா பெரியவரைப் பார்த்து வந்துச்சு.

யா அல்லா! ஐரீன் வாயைப் பொத்திக்கிட்டாங்க.

பெரியவர் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால காடி நின்னுச்சு.

அவர் அசையவே இல்லை. எங்க பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்டார்:

“என்னம்மா, மாப்ள இன்னும் காடியை எடுக்கலையா?”