சொல்லிக்கொள்ளாமல்

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது. அதனால் முதல் தடவை மருந்து ஏற்றி முடிந்ததும் கோமளா யார் முகத்தையும் பார்க்காமல் நழுவினாள். மார்பில் தொடங்கிய புற்று எலும்புக்கும் பரவிவிட்டது. தீராது, மருந்தால் கட்டிவைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஏம்மா, சொல்லிக்காம போறே?" அதே நோயோடு வருஷக்கணக்காக வந்துபோகும் மெகருன்னிசா, கையில் மருந்து இறங்க இறங்கக் கூப்பிட்டாள்.

"இங்க போய் எப்படிக்கா வரேன்னு சொல்றது?"

"அது குணமாகிப் போறவங்களுக்குடி. நாம வந்துக்கிட்டே இருந்தாத்தான் இருக்கோம்னு அர்த்தம். வாய் நிறையச் சொல்லிட்டுப் போ."

கோமளா லிப்ட் வரை போய்விட்டாள். கதவு திறந்தும் ஏறவில்லை. திரும்பி வந்து வார்டு வாசலில் நின்று, "போயிட்டு வரேன்" என்றாள்.

ஊசி ஏறாத கைகளெல்லாம் உயர்ந்தன. "வா, வா!" மொட்டைத்தலை ஒன்று எட்டிப் பார்த்தது. "வர்றப்போ உப்பு மாங்கா கொண்டா. நாக்கு செத்துக் கிடக்கு."

"இனிமேதான் போடணும். ஊற நாளாகுமேக்கா."

"ஊறட்டும்," என்றாள் மெகருன்னிசா. "நாங்க எங்கடி போயிடப் போறோம்?"