உள்பக்கத் தாழ்ப்பாள்

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கான அரசு விதிகளை அவர்களிடமே கேட்டு எழுதும் எந்திரம், பெரம்பலூர் கலெக்டர் ஆபீஸ் கூடத்தில் செண்பகாவிடம் கேட்டது: "உங்களுக்கு என்ன வேணும்?"

"அவளுக்கு..." என்று அம்மா அமுதவல்லி வழக்கம்போல முந்திக்கொண்டாள்.

"அவங்களே சொல்லட்டும்மா. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கேன்," என்றது எந்திரம்.

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் செண்பகா பக்கம் திரும்பினார்கள். வளர்ந்த தன் மகளின் ஒரு சொல்லுக்காக இத்தனை பேர் காத்திருப்பதைக் கண்டு அமுதவல்லிக்கு மெய்சிலிர்த்தது.

"என் ரூமுக்குத் தாழ்ப்பாள். உள்பக்கம்," என்றாள் செண்பகா.

'எதுக்குடி?' என்று அம்மா வாயெடுப்பதற்குள், சுவர்த் திரையில் அது மாநிலத்துக்கே விதியாக ஒளிர்ந்தது.

மறுநாள் காலை காபியோடு போன அமுதவல்லி, புதுத் தாழ்ப்பாள் போட்டிருந்த கதவை முதன்முறையாகத் தட்டினாள்.

"யாரு?"

"அம்மாடி, உள்ள வரலாமா?"

கலெக்டர் அறை வாசலில்கூட அவள் குரல் இவ்வளவு பணிந்ததில்லை.