சங்கு வாயில துணி

"நான் ஊதலையா? யாரைப் பாத்துக் கேக்குறீங்க?" ரேடியோவுல பழி போட்ட தலைமைக் கப்பல்கிட்ட சீறுச்சு அபாயச் சங்கு. போர்ல முந்நூறு பேரோட வெடிச்சுச் சிதறின ‘வல்லூறு’ங்கற விண்கப்பல்ல மிஞ்சினது அதுவும் ஒரு சின்ன விளக்கும்தான்.

"நேத்து நீங்க பக்கத்துல வந்து நின்னு, ஜெயிச்சாச்சுன்னு பேசும்போதே எதிரி வர்றான்னு ஊதுனேன். யாரோ பின்னாலேருந்து வாயில துணியைத் திணிச்சாங்க. அப்புறம் எப்படி ஊத?"

"நமக்குச் சங்கு ஊதிட்டு, சங்கு ஏன் ஊதலைன்னு கேக்குறாங்களே, அண்ணே!"ன்னுச்சு விளக்கு.

துப்பிப்போட்ட துணி பக்கத்துலயே மிதந்துச்சு. சங்கு அதை விளக்கு வெளிச்சத்துல அப்பத்தான் விரிச்சுப் பாத்துச்சு. தலைமைக் கப்பலோட வெற்றிக்கொடி!

"ரேடியோவை அணைக்காதீங்க. மொத்தப் படையும் கேட்டுக்கிட்டிருக்கு. உங்க கொடி என் வாய்க்குள்ள எப்படி வந்துச்சு? சொல்லுங்க!"