ஆறு இலக்க எண்

“அக்கா, திரையில நம்பர் வந்துருச்சா?”

“வந்துருக்குடா. அடுப்புல குழம்பு கொதிக்குது, சீக்கிரம் எழுதிக்க.”

போலந்தில் இருக்கும் இமானுவேல், அங்கிருந்தே இணையம் வழியாகக் கோட்டையூர் வீட்டுக் கணினிக்குள் நுழைய வேண்டுமானால், அதன் திரையில் வரும் ஆறு இலக்க எண்ணைத் தட்ட வேண்டும். தினமும் அதை வாசித்துச் சொல்பவள் அக்கா ஷீலா.

“என்ன குழம்புக்கா?”

“நம்பர் கேட்டியா, குழம்பு கேட்டியா? இந்தா, இணையத்துல ஒரு புண்ணியவான் தமிழ்ல குறிப்பு எழுதியிருக்கான். ஒரே ஒரு கட்டளை போட்டுச் சாவிக் கோப்புன்னு ஒண்ணைப் பதிஞ்சு வச்சிட்டா, அப்புறம் நம்பரே கேக்காதாம். அனுப்பியிருக்கேன், போட்டுப் பாரு. எனக்கும் தொல்லை விட்டுச்சு.”

போட்டான். மறுநாள் எண் கேட்காமலே கணினி திறந்தது. யாரும் திட்டவில்லை. தாளிக்கிற சத்தம் இல்லை. அன்று முழுவதும் அவன் தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த நாள் மறுபடியும் அழைத்தான்.

“அந்தச் சாவி வேலை செய்யலக்கா. பழையபடி நம்பர் கேக்குது.”

“எழுதினவன் புட்டுப் புட்டு வச்சிருக்கான். நீதான்டா மக்கு! உனக்கெல்லாம் எவன் வேலை குடுத்தான்?” திட்டிக்கொண்டே எண்ணை வாசித்தாள் ஷீலா. “இன்னைக்கி என்ன குழம்புன்னு கேக்கலையே?”

பேசி முடித்ததும் இமானுவேல், புனைபெயரில் தான் நடத்தும் வலைப்பக்கத்தைத் திறந்தான். அக்கா அனுப்பிய அதே குறிப்பின் அடியில் இரண்டு வரி சேர்த்தான்:

‘சாவி வேண்டாம் என்று தோன்றினால், அதை அழிக்கவும் ஒரு கட்டளை இருக்கிறது. இன்றுதான் போட்டுப் பார்த்தேன். நன்றாக வேலை செய்கிறது.’