ஒளியை முந்தியவள்

"இருபத்தெட்டு... இருபத்தாறு... இதுவும் இருபத்தெட்டா!"

வண்டிகளின் வேகத்தை அளக்கும் லேசர் துப்பாக்கியைத் தாழ்த்தினார் எஸ்.ஐ. குமரகுரு. பெருமாள்மலைக்குக் கீழே புதர் மறைவில் காலையிலிருந்தா நிற்கிறார்? இல்லை, அரை மணி நேரமாகத்தான். ஆனாலும் ஒரு கேஸ்கூடச் சிக்கவில்லை. கொடைக்கானலிலிருந்து இறங்கும் கார்கள் அத்தனையும் மாப்பிள்ளை ஊர்வலம் போல வந்தன.

"ஜாமர் கீமர் வச்சிருப்பாங்களோ, ஐயா?" என்றார் ஏட்டு மயில்சாமி.

"ஜாமர் இருந்தா மிஷின்ல நம்பரே வராதுய்யா. நம்பர் ஒழுங்கா வருது. வண்டியும் ஒழுங்கா வருது. அதான் இடிக்குது!"

குமரகுரு இயற்பியல் படித்தவர். ஒளியைவிட வேகமானது உலகில் இல்லை என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவர். இங்கே எதுவோ ஒளியையே முந்திக்கொண்டு போயிருந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் கூச்சலோடு சாலையைக் கடந்தார்கள். அவர்களுக்காக நின்ற ஒரு காரின் கண்ணாடியைக் குமரகுரு தட்டினார்.

"நாங்க நிக்கிறது எப்படித் தெரியும்?"

"மேல் வளைவுல சோளம் விக்கிற அம்மா சொன்னாங்க, சார். 'கீழ போலீஸு மிஷினோட நிக்கிறாங்க, மெதுவாப் போங்க'ன்னு."

குமரகுரு ஏட்டைப் பார்த்தார். இன்று இங்கே நிற்கப்போவது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

"சோளக்காரி உங்க ஊரு இல்ல?"

"ஆமாங்கய்யா. ஆனா சத்தியமா நான் மூச்சு விடல..."

"ரிப்போர்ட் எழுதுறேன். சஸ்பெண்டுல வீட்ல உக்காந்து நல்லா மூச்சு விடு!"

ஜீப் மேல் வளைவுக்குப் பறந்தது. அதன் வேகத்தை அளக்கத்தான் ஆளில்லை.

சோளத்தை விசிறிக்கொண்டிருந்த சீனியம்மாள் எழுந்து நின்றாள்.

"ஏம்மா, நாங்க கீழ நிக்கிறதா உனக்கு யாரு சொன்னது? இவரா?"

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நெசமாவே நிக்கிறீங்களா?"

"என்னம்மா ஒளர்ற?"

"எனக்கு எப்படிங்கய்யா தெரியும்? பள்ளிக்கூடம் விடுற நேரத்துக்குத் தினமும் இதைத்தான் சொல்லுவேன். முன்னெல்லாம், 'கீழ பிள்ளைக ரோட்டைக் கடக்குதுக, மெதுவாப் போங்க'ன்னுதான் கத்திக்கிட்டுக் கெடந்தேன். ஒருத்தரும் பிரேக்கைத் தொடலீங்க."